சோத்துத் தட்டில் தொடங்குகிற பழக்கம்: மலையகத்தில் நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்கு

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், நாய் ஒரு வீட்டுக்குச் சொந்தம். அதன் குரைப்பு பன்னிரண்டு வீட்டுக்கும் சொந்தம். சுவரும் கூரையும் கானும் (கழிவுநீர் வாய்க்கால்) பொதுவாக இருக்கிற இடத்தில் நாய் வளர்ப்பது மதில் கட்டிய தனி வீட்டில் வளர்ப்பது போல இல்லை. பக்கத்துக் காம்பராவின் கோழி, எதிர் வரிசைப் பிள்ளைகள், விடியலில் கூடையோடு இறங்கிப் போகிற அக்காமார், பின்னேரம் டவுனிலிருந்து மரக்கறிப் பையோடு ஏறிவருகிற மாமா, எல்லோரோடும் அந்த நாய் ஒத்துப்போயாக வேண்டும். "இந்த நாய் கெட்டுப்போச்சு" என்று கைவிடப்படுகிற நாய்களில் பெரும்பாலானவை சோற்றிலேதான் கெட்டிருக்கும். நேரம் தவறிய சாப்பாடு, சாப்பிடுகிற தட்டிலிருந்து எறிகிற எலும்பு, ஐந்து வீட்டில் ஐந்து கை. அதனால் தீனியையும் பழக்கத்தையும் தனித்தனியாகப் பிரிக்காமல் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வயது. டவுனில் பெட்டியில் வைத்து விற்கிற குட்டிகள் பல நான்கு, ஐந்து கிழமைக் குட்டிகள். சின்னதாக இருந்தால்தான் அழகு, சீக்கிரம் விலை போகும். வாங்குகிறவர்தான் மறுக்க வேண்டும். எட்டுக் கிழமை வரை குட்டி தாயோடும் கூடப்பிறந்தவைகளோடும் இருப்பது பாலுக்காக மட்டுமில்லை. எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நின்றுபோகும் என்பதை அது அங்கேதான் படிக்கிறது. அந்தப் படிப்பு இல்லாமல் வந்த குட்டி உங்கள் பிள்ளையின் கணுக்காலில் அதைப் படிக்கத் தொடங்கும்.

குளிரும் ஒரு காரணம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். தை, மாசியில் புல்லில் வெள்ளைப் பனி உறைகிற காலைகள் உண்டு. ஹட்டன், பண்டாரவளை அவ்வளவு இல்லையென்றாலும் சீமெந்துத் தரை இரவு முழுக்கக் குளிரை உறிஞ்சி வைத்திருக்கும். நான்கு கிழமைக்குள் இருக்கிற குட்டியால் தன் உடல் சூட்டைத் தானாகக் காக்க முடியாது. எட்டுக் கிழமைக் குட்டிக்கும் தரையிலிருந்து நாலு அங்குலம் உயர்த்திய பலகை வேண்டும், அதன்மேல் அரிசிச் சாக்கு, அதன்மேல் பழைய கம்பளி. உரப்பையை விரிக்காதீர்கள், எவ்வளவு கழுவினாலும் மணிகள் தையலில் நிற்கும், குட்டி நக்கும். கை பொறுக்கிற சூட்டுத் தண்ணியை ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் ஊற்றி, துவாயில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் மற்றப் பக்கம் நகர இடம் இருக்க வேண்டும். அடுப்படிச் சாம்பலில் படுக்க விடுவது இங்கே பழைய வழக்கம்தான். பாதம் வேகும், உரோமம் கருகும், இரவு முழுக்கப் புகையும் மூக்கில் ஏறும். பெட்டியை அடுப்படிச் சுவரோரம் வைத்தால் போதும்.

தீனி: எவ்வளவு, எதில்

"நாய்தானே, எதையும் திங்கும்." திங்கும்தான். கோதுமை மா ரொட்டியும் சாயத் தண்ணியும் கொடுத்தாலும் திங்கும். ஆறு மாதத்தில் வயிறு மட்டும் உப்பி, விலா எலும்பு தெரிந்து, உரோமம் செம்பட்டையாகி நிற்கும். ரொட்டியில் சக்தி இருக்கிறது, தசை கட்டுகிற புரதம் போதாது, எலும்பு கட்டுகிற கல்சியம் கிட்டத்தட்ட இல்லை.

எட்டுக் கிழமையில் நாட்டு நாய்க்குட்டி பெரும்பாலும் இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். மூன்று கிலோக் குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 480 கலோரி வேண்டும். அதை வீட்டுச் சமையலில் கொடுப்பதானால் குழைய வேகவைத்த சோறு 120 கிராம், அவித்து முள்ளோ எலும்போ எடுத்த மீன் அல்லது கோழி இறைச்சி 120 கிராம், அவித்த முட்டை ஒன்று, மசித்த பூசணியோ கரட்டோ 40 கிராம், தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இதை நான்காகப் பிரித்து நான்கு வேளை. உப்பு, மிளகாய், மசாலா எதுவும் வேண்டாம். குடும்பத்துக்கு வைக்கிற குழம்பில் பங்கு எடுக்கிற யோசனையை விட்டுவிட்டு, குழம்பு கூட்டுவதற்கு முன் அவித்த துண்டுகளை எடுத்து வைப்பது சுலபம்.

கல்சியத்துக்கு முட்டை ஓடு. ஓட்டைக் கழுவி, ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, காயவைத்து, வெறும் சட்டியில் லேசாக வறுத்து, மாவாக அரைத்துப் போத்தலில் போட்டுக்கொள்ளுங்கள். நறநறவென்று இருந்தால் பாதி அப்படியே வெளியே போகும். ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் இருக்கிறது. மேலே சொன்ன குட்டிக்கு நாளொன்றுக்கு முக்கால் தேக்கரண்டித் தூள். ஆனாலும் வீட்டுச் சமையலில் துத்தநாகம், அயடின், சில விட்டமின்கள் குறையும். முடிந்தவர்கள் பாதித் தீனியைக் குட்டிகளுக்கென்று விற்கிற காய்ந்த தீனியாகக் கொடுப்பது நல்லது; அப்போது ஓட்டுத்தூளையும் பாதியாக்குங்கள். ஜேர்மன் ஷெப்பர்ட், ரொட்வைலர் போன்ற பெரிய இனக் குட்டியா, பெரிய இனக் குட்டிக்கான தீனியையே கொடுங்கள். கல்சியக் குளிசை, ஓட்டுத்தூள் எதுவும் மேலே சேர்க்காதீர்கள். அவற்றுக்குக் கல்சியம் குறைந்தாலும் கூடினாலும் கால் வளையும். "எலும்பு பலமாகட்டும்" என்று மருந்துக்கடையில் வாங்கிக் கொடுத்த சிரப்பால் கெட்ட முன்னங்கால்கள் இங்கே குறைவில்லை.

மூன்று மாதம் வரை நான்கு வேளை, மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன் பிறகு ஆயுளுக்கும் இரண்டு வேளை. கிழமைக்கு ஒருமுறை நிறுங்கள். மரக்கறிக் கடைத் தொங்கு தராசில் ஒரு துணிப்பையில் குட்டியைத் தொங்கவிட்டால் வேலை முடிந்தது. பூச்சி மருந்துக்கும் இந்த எடைதான் தேவைப்படும்.

வளர்ந்த 15 கிலோ நாட்டு நாய்க்கு நாளொன்றுக்குச் சோறு 400 கிராம், கோழியோ மீனோ 200 கிராம், மரக்கறி 100 கிராம், ஓட்டுத்தூள் அரைத் தேக்கரண்டி. சோறு 400 கிராம் என்றால் தேத்தண்ணிக் கோப்பையால் இரண்டே முக்கால் கோப்பை வரும். இறைச்சி வாங்கக் கட்டாது என்கிறவர்களுக்குக் கோழிக்கடையில் கழுத்தும் காலும் மலிவு. பிறெசர் குக்கரில் ஒரு மணித்தியாலம் வேகவிட்டு, ஒவ்வொரு எலும்பையும் இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். மாவாக நசுங்குவது போகலாம், முறிந்து கூராக நிற்பது குப்பைக்கு. சாதாரணமாக அவித்த கோழி எலும்பு ஊசிபோல உடைந்து குடலில் குத்தும், ஞாயிற்றுக்கிழமை எலும்பு திங்கட்கிழமை வாந்தியாக வரும். பருப்பு அவித்துச் சேர்க்கலாம், இறைச்சியின் இடத்தை முழுக்க அது பிடிக்காது. ஈரல் கிழமைக்கு இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் 25 கிராம். மலிவு என்று தினமும் ஈரல் போட்டால் விட்டமின் ஏ உடலில் தேங்கும். கருவாட்டுத் தலையை இரண்டு தண்ணி மாற்றி அவித்தாலும் உப்பு மிச்சமிருக்கும். எப்போதாவது ஒரு துண்டுக்கு மேல் வேண்டாம்.

சரியான அளவா என்று தெரிய விலாவில் கை வையுங்கள். அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. தட்டுப்படாவிட்டால் சோற்றைப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள், இறைச்சியைக் குறைக்க வேண்டாம்.

பால் தாய்மறந்த குட்டிக்குத் தேவையில்லை. பலதுக்கு மாட்டுப்பால் வயிற்றாலே போகவைக்கும், ஏனென்றால் பால் சர்க்கரையைச் செரிக்கிற சக்தி குறைந்துவிடுகிறது. நான்கு கிழமைக் குட்டி தவறிப்போய் உங்கள் கையில் வந்துவிட்டால், குட்டித் தீனியை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சி பதத்தில் கரைத்து, நாளுக்கு ஐந்தாறு தரம் ஆழமில்லாத தட்டில் வையுங்கள்.

கொடுக்கக் கூடாததில் வெங்காயம் முதல். பச்சையோ வெந்ததோ, கிலோ எடைக்கு 15 கிராம் போதும் இரத்தச் சிவப்பணுவை உடைக்க. ஐந்து கிலோக் குட்டிக்கு ஒரு நடுத்தர வெங்காயம். பூண்டும் அந்தக் குடும்பம்தான். முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை), சொக்லெட் இரண்டும் ஆகாது. தீபாவளிப் பாயாசத்திலும் நத்தார் கேக்கிலும் முந்திரிகை வற்றல் ஒளிந்திருக்கும். நம் பக்கத்துக்கே உரிய ஒன்று தேயிலைத் தூள். தூளில் நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு கஃபீன். மூன்று கிலோக் குட்டிக்கு 60 மில்லிகிராமிலேயே படபடப்புத் தொடங்கிவிடும், அது இரண்டு மூன்று கிராம் காய்ந்த தூளில் இருக்கிறது. வடித்த சக்கையில் குறைவு, ஆனால் பாலும் சீனியும் கலந்த சக்கையைக் கானோரம் கொட்டினால் குட்டி அள்ளித் தின்னும். மூடியுள்ள வாளியில் போடுங்கள்.

தீனி வகையை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாதீர்கள். கால்வாசி, அரைவாசி, முக்கால்வாசி என்று ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நாள். குட்டி வந்த முதல் கிழமையில் போகிற வயிற்றாலே பாதி இந்த அவசரத்தால் வருவது.

வேலை நேரமும் குட்டியின் வயிறும்

குட்டி எவ்வளவு நேரம் ஒண்ணுக்கை அடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணித்தியாலம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணித்தியாலம், அதுவும் உறக்கத்தில். விழித்து விளையாடும்போது அரை மணிக்கொருதரம் வரும். ஏழு மணிக்கு மலைக்குப் போனவர்கள் மதியம் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை ஐந்து மணித்தியாலம். குட்டி அதுவரை தாங்காது, தாங்காதது அதன் குற்றமுமில்லை. வீட்டில் அப்பாயியோ தாத்தாவோ இருந்தால் அவர்களிடம் ஒப்படையுங்கள். யாருமில்லை என்றால் கோடிப்புறத்தில் மூன்றடிக்கு நாலடி வலை அடைப்பு, மேலே தகரம், ஒரு மூலையில் படுக்கை, எதிர் மூலையில் மண்.

விடியற்காலை ஐந்து மணிக்கு கண் விழித்தவுடன் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். நடக்க விட்டால் இஸ்தோப்பிலேயே (முன் திண்ணை) முடித்துவிடும். ஐந்தரைக்குத் தீனி, பதினைந்து நிமிடத்தில் மறுபடி வெளியே. மதியம் வந்ததும் தீனிக்கு முன்னும் பின்னும் வெளியே. பின்னேரம் நாலரைக்கு மூன்றாம் வேளை, இரவு எட்டுக்கு நாலாவது. ஒன்பதரைக்குக் கடைசித் தரம். எட்டரைக்குப் பிறகு தண்ணித் தட்டை எடுத்துவிடலாம்.

ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் இறக்குங்கள். முன்பு நனைத்த ஒரு துண்டுப் பேப்பரை அங்கே கல்லுக்கடியில் வைத்தால் மணம் சொல்லிக்கொடுக்கும். ஒண்ணுக்கு இருந்து முடித்த இரண்டு நொடிக்குள் கையிலிருக்கிற துண்டைக் கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே ஓடிவந்ததற்குக் கூலி என்று அது எடுத்துக்கொள்ளும். வீட்டுக்குள் ஒண்ணுக்கு இருந்துவிட்டால் மூக்கைத் தேய்ப்பது, செருப்பால் அடிப்பது எல்லாம் ஒன்றைத்தான் படிப்பிக்கும்: மனிதர் பார்க்கும்போது இருக்கக் கூடாது. பிறகு அது கட்டிலுக்கடியில் போகும், வெளியே கூட்டிப்போனாலும் உங்கள் முன்னால் இருக்காது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, வினாகிரியும் தண்ணியும் சரிபாதி கலந்து துடையுங்கள். மணம் மிச்சமிருந்தால் சீமெந்து வெடிப்பைத் தேடி மறுபடி வரும்.

தட்டும் கையும்

ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். பழக்குவதற்கு அதுதான் சம்பளம். அவித்த கோழித் துண்டைக் கடலைப்பருப்பு அளவுக்கு வெட்டினால் போதும். பெரிய துண்டு மெல்ல நேரமெடுக்கும், அதற்குள் எதற்குக் கிடைத்தது என்பது மறந்துபோகும்.

முதல் பாடம் தட்டு. தட்டை இடுப்பளவில் பிடித்து "இரு" என்று ஒருதரம் மட்டும் சொல்லிக் கீழே இறக்குங்கள். குட்டி பாய்ந்தால் தட்டு மேலே போகும், பேச்சில்லை. நின்றால் இன்னும் இறங்கும். பின்பகுதி தரையில் பட்ட கணம் தட்டும் தரையில் பட வேண்டும். முதல் நாள் எட்டுத் தரம் ஏற்றி இறக்க வேண்டியிருக்கும், ஐந்தாறு நாளில் உட்கார்ந்துகொண்டே காத்திருக்கும். பதினைந்து நிமிடத்தில் தின்னாத மிச்சத்தை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கத் தட்டு கிடந்தால் ஈயும் எலியும் வரும், குட்டிக்கும் உங்கள் கை எதற்கென்று தெரியாது.

சாப்பிடும்போது தட்டைப் பிடுங்கி "யார் பெரியவன்" காட்டுகிற வேலை வேண்டாம். இன்று விட்டுக்கொடுக்கும், ஆறு மாதத்தில் உறுமும், அந்த உறுமலுக்கும் அடித்தால் அடுத்த தரம் உறுமாமலே கடிக்கும். அது தின்கிறபோது பக்கத்தால் நடந்து போங்கள், போகிற போக்கில் தட்டில் இருப்பதைவிட நல்ல ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள். பத்து நாள். பிறகு வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவராக. கடைசியில், பெரியவர் கைப்பிடியில் பிள்ளை. மனிதர் நெருங்கினால் சோறு குறையாது, கூடும் என்று அதற்குத் தெரிந்த பிறகு தட்டைக் காக்க என்ன இருக்கிறது?

வீட்டார் சாப்பிடும்போது தட்டிலிருந்து ஒரு தரம் எறிந்தாலும் பத்து நாள் பழக்கம் போய்விடும். ஒரு தரம் எறிந்து ஒன்பது தரம் எறியாமலிருப்பதுதான் ஆக மோசம். இன்றைக்குக் கிடைக்குமோ என்று விடாமல் காத்திருக்கும். வரிசையில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிடுங்கள். "பாவம், பாக்குது" என்று போடுகிற அக்காவிடம் சண்டை பிடிக்காமல், உங்கள் வீட்டுத் துண்டில் நாலைந்தை அவர் கையில் கொடுத்து "உட்கார்ந்தா மட்டும் குடுங்க" என்று சொன்னால் அவரும் ஒரு வாத்தியார் ஆகிவிடுவார்.

சொல் விஷயத்தில் நம் மொழிக்கு ஒரு சிக்கல். "வா" என்கிறோம், "வராத" என்றும் கத்துகிறோம். குட்டிக்கு இரண்டும் ஒரே சத்தத்தில்தான் தொடங்குகிறது. "உக்காரு", "குந்து", "சிட்" என்று மூன்று பேர் மூன்று சொல் சொன்னால் அது எதையும் கேளாது. ஒரு சொல்லைத் தீர்மானித்துக் கதவில் எழுதி ஒட்டுங்கள். கூப்பிட "இங்க", உட்கார "இரு", வாயிலிருப்பதைப் போட "விடு", தடுக்க "ஏய்".

"இங்க" என்ற சொல்லை ஏச்சோடு சேர்க்கவே கூடாது. கூப்பிட்டு வந்தபின் அடித்தால், கட்டிப்போட்டால், குளிப்பாட்டினால், அடுத்த தரம் தேயிலைக்குள் ஓடும். பத்துத் தரம் கூப்பிட்டு ஒன்பது தரம் துண்டு கொடுத்து மறுபடி ஓடவிடுங்கள், பத்தாவது தரம் கட்டுங்கள். அப்போதுதான் நிஜமாக வேண்டிய நாளில் வரும். இரண்டு மீற்றர் கயிற்றில் வீட்டுக்குள் தொடங்கி, பிறகு வாசல், பிறகு பத்து மீற்றர் கயிற்றில் பாதை.

பல் முளைக்கும் மாதங்களில் கடி வரும். கையை உதறாதீர்கள், உதறுகிற கை ஓடுகிற எலி போலத்தான். கையை அசைக்காமல் நிறுத்தி, எழுந்து திரும்பி இருபது நொடி நில்லுங்கள். பிறகு நனைத்து முறுக்கிய துணியைக் கொடுங்கள். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடாமல் மரம்போல நிற்கப் பழக வேண்டும். குட்டியைவிட அவர்களைப் பழக்குவதுதான் கஷ்டம்.

மூன்றாவது கிழமையிலிருந்து பதினாலாவது கிழமை வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதைப் பிறகு பயமில்லாமல் ஏற்கும். மலைநாட்டு நாய்கள் குரைக்கிற காட்சிகளை நினைத்துப் பாருங்கள்: இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, மழைக்குத் தலையிலிருந்து பொலித்தீன் போர்த்திய உருவம். மனித வடிவமே மாறிவிடுகிறது. ஊசிகள் முடியாத குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு, கொழுந்து நிறுக்கிற இடத்துக்குத் தள்ளி நின்று காட்டுங்கள். ஒவ்வோர் உருவம் போகும்போதும் ஒரு துண்டு. கொழுந்து லொறி, அழுகிற பிள்ளை, தையல் மெசின், ஆடு, மாடு, எல்லாம் அப்படித்தான். தப்பு மேளச் சத்தத்துக்கு, காமன் கூத்துக்கோ தேருக்கோ அடிக்கிற நாளில் இருநூறு மீற்றர் தள்ளி நில்லுங்கள். குட்டி துண்டைத் தின்கிறதா என்று பாருங்கள். தின்றால் தூரம் சரி, தின்னாவிட்டால் பயந்திருக்கிறது, இன்னும் தள்ளிப் போங்கள். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி வெடிக்கு எந்தப் பழக்கமும் முழுக்கப் போதாது; அன்று கதவை மூடி வானொலியைப் போட்டு உள்ளே வையுங்கள். கட்டிப்போட்ட நாய் வெடிக்குச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி வழி தெரியாமல் போகும்.

கோழி துரத்துவதற்கு, செத்த கோழியைக் கழுத்தில் கட்டுகிற பழைய வைத்தியம் நாற்றத்தைத் தவிர எதையும் தராது. கோழியிலிருந்து பத்து மீற்றர் தள்ளிக் கயிற்றோடு நில்லுங்கள். குட்டி கோழியைப் பார்த்துவிட்டுத் தானாக உங்களைத் திரும்பிப் பார்க்கிற கணம் துண்டு. ஐந்து நிமிடம்தான், தினமும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு மீற்றர் குறையுங்கள். இடையில் ஒரு தரம் துரத்தி ருசி கண்டுவிட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், அதனால் அந்த ஒரு மாதம் கயிறில்லாமல் வாசலில் விடக் கூடாது.

சங்கிலி பற்றி ஒரு வார்த்தை. நாள் முழுக்க ஒரே முளையில் கட்டிய நாய்க்கு ஓட வழியில்லை, ஆகவே நெருங்குகிற எல்லாவற்றையும் விரட்டப் பார்க்கும். காவல் நாய் என்று நாம் பெருமைப்படுவது பல நேரம் இந்தப் பயம்தான். கட்டத்தான் வேண்டுமென்றால் இரண்டு கம்பத்துக்கு இடையில் ஆறேழு மீற்றர் கம்பி இழுத்து, அதில் வளையம் போட்டுச் சங்கிலியை ஓடவிடுங்கள். சங்கிலி கம்பத்தைச் சுற்றாதபடி இரண்டு முனையிலும் ஒரு மீற்றர் முன்னால் முடிச்சு வேண்டும். கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். வளர்கிற குட்டிக்குக் கிழமைக்கொருதரம் பாருங்கள். மறந்துபோன பட்டி கழுத்துத் தோலுக்குள் புதைந்திருப்பதைப் பார்த்தவர்கள் திரும்ப மறக்கமாட்டார்கள்.

ஊசி, பூச்சி, அட்டை

பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான ஊசி ஆறிலிருந்து எட்டாவது கிழமைக்குள் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை, பதினாறாவது கிழமை வரை. முதல் ஊசியோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியைச் செல்லாமல் ஆக்கிவிடலாம், அதனால்தான் திரும்பத் திரும்ப. பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் ஊசிகள் முடியும்வரை குட்டியைப் பொதுக் கானோரம் இறக்காதீர்கள். குட்டி செத்த வீட்டில் உடனே இன்னொரு குட்டி வேண்டாம், தரையை ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணி கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். வாந்தியும் இரத்தம் கலந்த வயிற்றாலேயும் ஒன்றாக வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வாந்தி நிற்கிற இடைவெளியில் ஜீவனிக் கரைசலை (வயிற்றாலே போனால் குடிக்கிற உப்பு-சீனித் தூள் கரைசல்) தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே மிருக வைத்தியரிடம் போங்கள். பிரதேச செயலகப் பிரிவுகளில் அரச மிருக வைத்திய அலுவலகங்கள் உண்டு. பெரிய சிக்கலுக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது.

பூச்சி மருந்து இரண்டாவது, நாலாவது, ஆறாவது, எட்டாவது கிழமை, பிறகு ஆறு மாதம் வரை மாதமொருதரம், அதன்பின் மூன்று மாதத்துக்கொருதரம். தாய்க்கும் சேர்த்து. ஈறு வெளுத்திருந்தால் கொக்கிப்புழுவை நினையுங்கள். அளவு எடையைப் பொறுத்தது, பக்கத்து வீட்டுக் குட்டிக்குக் கொடுத்த அளவைப் பொறுத்ததல்ல.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு வருடமொருதரம். சுகாதாரப் பகுதியினர் தோட்டத்துக்கு வந்து இலவசமாகப் போடுகிற நாளைத் தவறவிடாதீர்கள், ஊசி போட்டதைப் பதிந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். எந்த நாய் கடித்தாலும், சின்னக் கீறலானாலும், சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணியில் பதினைந்து நிமிடம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

காய்ச்சலுக்கு நாம் போடுகிற பரசிட்டமோல் குளிசையைக் குட்டிக்குக் கொடுக்காதீர்கள். 500 மில்லிகிராம் ஒன்று மூன்று கிலோக் குட்டிக்கு நஞ்சு.

மழைக்காலத்தில் விரலிடுக்கு அட்டையைத் தினமும் பாருங்கள். பிய்த்தால் புண் பெரிதாகும், அட்டைமேல் உப்புக் கரைசல் ஒரு துளி விட்டால் தானாக விழும். பீலியிலும் ஓடையிலும் தண்ணி குடிக்கிற நாய்க்கு மூக்குக்குள்ளேயே அட்டை ஏறும். ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம், ஓயாத தும்மல் என்றால் அதுதான். அதற்கு உப்பு விடக் கூடாது, வைத்தியர் எடுக்கட்டும். உண்ணி காதுமடலிலும் விரலிடுக்கிலும் இருக்கும். நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, ஒண்ணுக்கு கருஞ்சிவப்பாகப் போனால் உண்ணிக் காய்ச்சல். அதையும் வைத்தியரிடமே காட்ட வேண்டும்.

லீக்ஸ், கோவா, கரட் போடுகிற வீடுகளில் நத்தைக்கு வைக்கிற குறுணை மருந்து நாய்க்குத் தவிட்டு மணத்தில் தீனி போலத் தெரியும். தின்ற ஒரு சில மணித்தியாலத்தில் நடுக்கம், உடல் சூடு, வலிப்பு. பையை உயரத்தில் வையுங்கள், தூவிய நாளில் நாயைப் பாத்தியோரம் விடாதீர்கள். தின்றுவிட்டால் பால் கொடுப்பது, உப்புத்தண்ணி ஊற்றி வாந்தியெடுக்க வைப்பது என்று நேரத்தைக் கழிக்காமல், மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

இருட்டிய பிறகு

தேயிலை மலைகளில் சிறுத்தை இருக்கிறது, நாயைத் தூக்குகிறது. இது கதையில்லை. பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பியும் இருக்கிறது. 2020 மே மாதம் மஸ்கெலியா நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தையே அப்படிச் சிக்கிச் சில நாளில் இறந்தது. நாய்க்கு அந்தக் கம்பி எம்மாத்திரம். பன்றி வெடியைத் தீனி என்று கவ்வித் தாடை சிதறுகிற நாய்களும் உண்டு. கண்டதைக் கவ்வாமல் "விடு" என்றதும் போடுகிற பழக்கம் இங்கே உயிர்க்காப்பு. மூடிய கைக்குள் துண்டை வைத்து நீட்டுங்கள், குட்டி நக்கும், பிறாண்டும். விலகுகிற கணம் "விடு" என்று சொல்லி மற்றக் கையிலிருந்து வேறு துண்டு கொடுங்கள். தரையில் கிடப்பதை ஒருபோதும் கூலியாக எடுக்க விடாதீர்கள், கூலி எப்போதும் கையிலிருந்துதான்.

மாலை ஆறரைக்குள் நாய் உள்ளே வந்துவிட வேண்டும், வளர்ந்த நாயானாலும். வீட்டுக்குள் இடமில்லை என்றால் கதவும் கூரையும் உள்ள கொட்டில். சங்கிலியில் வெளியே கட்டிய நாய் சிறுத்தைக்குத் தட்டில் வைத்த சோறு. கோழிக் கழிவையும் மிச்ச சோற்றையும் லயத்தோரம் கொட்டினால் பன்றியும் ஊர் நாய்களும் வரும், அவற்றின் பின்னால் மற்றதும் வரும். ஒன்பதரைக்குக் கடைசித் தரம் வெளியே போகும்போது குட்டியைத் தனியே விடாமல் கயிற்றோடும் டோர்ச்சோடும் கூடவே போங்கள், வாசலைத் தாண்ட வேண்டாம். குட்டி திடீரென்று தேயிலைப் பக்கம் பார்த்து உரோமம் சிலிர்த்து விறைத்து நின்றால், இன்னும் ஒண்ணுக்குப் போகவில்லையே என்று காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுங்கள். தரையைக் காலையில் கழுவிக்கொள்ளலாம்.